பழைய வர்ணப் பூச்சில் ஈயம்: எளிய சோதனையும் அதன் எல்லையும்

ஈயம் மிருதுவான உலோகம். எனினும், குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது இழைக்கும் தீங்கு கொடியது. உடலில் சேரும் ஈயம் எலும்புகளில் நெடுங்காலம் தங்கிவிடுகிறது. தீங்கற்ற அளவு என்று ஈயத்திற்கு எதனையும் வகுத்துரைக்க இயலாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கருத்து. ஆகவே, நஞ்சு உள்ள இடத்தை முன்னரே அறிந்து காத்தல் அவசியமாகிறது.

இந்தியாவில் வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பர் முதல் அமுலில் உள்ளது. அதற்கு முன் பூசிய வர்ணம் பள்ளிக் கதவுகளிலும் ஜன்னல்களிலும் இன்னும் இருக்கக்கூடும். அது உதிர்ந்து தூளாகி, விரல்களில் ஒட்டி, குழந்தைகளின் வாயை அடைகிறது.

இதனை அறியச் செலவு குறைந்த முறை ஒன்று உண்டு. சோடியம் ரோடிசோனேட் என்னும் ரசாயனப் பொருளின் கரைசல் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறமுடையது. லேசான அமிலத்தின் முன்னிலையில் ஈயத்துடன் கூடினால் அது சிவப்பாக மாறும்.

முதலில், பூச்சின் எல்லாப் படலங்களும் தெரியுமாறு கத்தியால் சாய்வாகக் கீற வேண்டும். புதிய பூச்சின் அடியில் பழையது மறைந்திருக்கலாம். வினிகரில் நனைத்த பஞ்சைக் கீறலின்மீது சிறிது நேரம் அழுத்தி எடுக்க வேண்டும். வர்ணமே பஞ்சில் ஒட்டிச் சிவப்பாகத் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டு, பின்னர் அன்றே தயாரித்த கரைசலில் இரண்டு துளி விட வேண்டும். பழைய கரைசல் பயன்படாது. பஞ்சு புதிதாகச் சிவந்தால் ஈயம் உண்டு எனக் கொள்ளலாம்.

சிவக்காவிடில் ஈயம் இல்லை என்று முடிவு செய்தலாகாது. ஜிப்சம் கலந்த சுவர்த்தூள் இவ்வினையைத் தடுக்கும். மஞ்சள் வர்ணத்திலுள்ள ஈயக் குரோமேட் எளிதில் கரையாதாகையால், நிறம் மாறப் பல மணி நேரம் ஆகலாம். மேற்கூறிய 90 பங்கு போன்ற சிற்றளவை இச்சோதனை காட்டவும் மாட்டாது. ஐயத்திற்குரிய பூச்சின் மாதிரியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவதே முறை.

ஈயமுள்ள பூச்சை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் எரிப்பதும் நஞ்சைக் காற்றில் பரப்பும். தக்கவர் வந்து அகற்றும்வரை உதிர்ந்த தூளை ஈரத்துணியால் துடைத்து, குழந்தைகளை அவ்விடத்தினின்று விலக்கி வைத்தல் வேண்டும். உண்ணுமுன் கை கழுவும் வழக்கத்தை ஆசிரியர்கள் வற்புறுத்துதல் நலம்.