ரிங்லெட்டுக்கு வரும் தங்கைக்கு

அன்புத் தங்கச்சி,

ரிங்லெட்டில் தாதியாகச் சேரப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். கேமரன் மலைக் குளிர் உனக்குச் சீக்கிரம் பழகிவிடும். தோட்டத்து லயத்திலிருந்து வரும் பெண், "தெரியாம பூச்சிமருந்த குடிச்சிட்டேன் மிஸ்ஸி" என்று சொல்வது மட்டும் உனக்குப் பழகிவிடக் கூடாது.

அதை அப்படியே எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடாதே. அவள் முதுகிலும் கைகளிலும் கன்றிய பழைய காயங்கள் இருக்கின்றனவா என்று பார். பல நேரம் கணவன் பக்கத்திலேயே நின்று அவளுக்காகப் பதில் சொல்வான். ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லி அவனை வெளியே அனுப்பு. பிறகு நேராகவே கேள்: "வீட்டுல யாராவது அடிக்கிறாங்களாக்கா? சாகணும்னு தோணுச்சா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அடிபடும் பெண்களிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் அதிகம் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்வு 2005லேயே காட்டிவிட்டது. காயத்துக்குக் கட்டுப் போட்டு அதே வீட்டுக்கு அனுப்பினால் பாதி வைத்தியம்தான் செய்திருக்கிறோம்.

"ஏன் விட்டுட்டு வரல?" என்று மட்டும் கேட்காதே. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை கணவன் பேரில் இருந்தால், அவனை விட்டு வருகிறவள் கூரையையும் விட்டு வருகிறாள். பிள்ளைகளின் பள்ளியும் அக்கம்பக்கமும் அதோடு போய்விடும். வெளிநாட்டுப் பெண்ணாக இருந்தால் பெர்மிட் பயமும் சேர்ந்துகொள்ளும்.

போலீஸ் பிடித்துவிடுமோ என்று அவள் பயப்படுவாள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது என்று சொல். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்தால், போலீஸ் புகார் இல்லாமலே சமூக நல இலாகா அதிகாரி ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். அந்த ஏழு நாளில் தங்க இடமும் துணைக்கு ஆளும் தேட வேண்டும். அதில் நீயும் கூட நில்.

வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்றும் விசாரி. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த இலங்கையில் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. ஆத்திரமும் வேதனையும் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிவிடுகின்றன.

தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். அதைத் தாளில் எழுதிக் கொடுக்காதே, கணவன் கண்ணில் பட்டுவிடும். அவள் வாயால் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்யவைத்த பிறகு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா