நீர்க்காகம் காகமா?

ஏழாம் வகுப்புச் சிறுதேர்வில் பறவைகளை இனவாரியாகப் பிரிக்கச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி காக இனத்தில் நீர்க்காகத்தையும் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் தவறு என்று குறித்தேன். மறுநாள் அவள் கேட்டாள்: "காகம் இல்லேன்னா ஏன் டீச்சர் காகம்னு பேர் வச்சாங்க?" விடை தவறுதான், ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்தேன்.

பாலசமுத்திரத்தை ஒட்டிய பாலாறு-பொருந்தலாறு அணைப்பகுதியில் சிறிய நீர்க்காகத்தை எம் மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். மூழ்கி மீன் பிடிக்கும். பிறகு கரையில் அமர்ந்து சிறகை விரித்து உலர்த்தும். இதன் உறவினங்கள் பல கடற்கரைகளில் வாழ்கின்றன. ஆங்கிலத்தில் இவற்றின் பெயர் 'கார்மரன்ட்'. அதன் மூலம் 'கோர்வஸ் மரினஸ்' என்ற இலத்தீன் தொடர். பொருள், கடல் காகம்! பெரிய நீர்க்காகத்தின் அறிவியல் பெயர் 'ஃபலக்ரோகொராக்ஸ் கார்போ'. முதற்சொல் கிரேக்கத்தில் வழுக்கைத் தலைக் காகம் என்று பொருள்படும். 'கார்போ' என்றால் கரி. வெவ்வேறு மொழியினர் கறுத்த உடலைக் கண்டு ஒரே ஒப்புமையைச் செய்திருக்கிறார்கள்.

நிறம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் 'சிறுவெண்காக்கைப் பத்து' உள்ளது. அங்கே கடற்கரைப் பறவை ஒன்று வெள்ளைக் காக்கை ஆகிவிட்டது.

உறவு வேறு. நீர்க்காகத்தின் நான்கு விரல்களும் சவ்வால் இணைந்தவை. அலகின் நுனி கொக்கிபோல் வளைந்தது. காகத்துக்கு இவை இல்லை. பெயர், பார்த்தவர் கண்ட ஒற்றுமையைச் சொல்கிறது, இனத்தைச் சொல்வதில்லை. பெரிய ஏரிகளைச் 'சமுத்திரம்' என்று அழைத்ததும் இப்படித்தான் என்றதும், கடலே இல்லாத எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது.

வகுப்பறைச் செயல்பாடு

கடற்குதிரை, கடற்பசு, நட்சத்திர மீன், நீர்க்கோழி ஆகிய பெயர்களைக் குழுக்களுக்குக் கொடுங்கள். மூன்று கட்டங்களில் எழுதச் சொல்லுங்கள்:

1. பெயர் எதை நினைவூட்டுகிறது?
2. எந்த ஒற்றுமையால்?
3. உண்மையில் எந்த இனம்?

கடற்குதிரை மீன் என்பதும், நட்சத்திர மீன் மீனே அல்ல என்பதும் நல்ல விவாதத்தைக் கிளப்பும். மொழிப்பாட ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரே பாடவேளையில் நடத்தலாம்.

அந்த மாணவியின் மதிப்பெண்ணை நான் மாற்றவில்லை. அவள் கேட்ட கேள்வியை மட்டும் பெரிதாக எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் ஒரு விடையைத் தவறு என்று குறிக்கும் முன், "ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்டுவிடுகிறேன்.