சங்கமும் புதிய உறுப்பினரும்

சங்கமொன்றிற் புதிதாய்ச் சேர்ந்தவரை வரவேற்பது எங்ஙனம்? மாலை சூட்டுதலும் தேநீர் வழங்குதலும் விருந்தோம்பலின்பாற்படுவன. விருந்தினர் வந்து மீள்பவர். உறுப்பினரோ வந்து நிலைக்கவேண்டியவர். ஆதலின் விருந்தினர்க்குச் செய்யும் உபசாரம் உறுப்பினர்க்குப் போதாது. இதனை விளக்குதற்கு றோட்டரிக் கழகத்தின் தொடக்க வரலாறு தக்க சான்றாகும்.

அக்கழகத்தின் நிறுவுநர் போல் ஹரிஸ் என்பார், அமெரிக்க நாட்டின் வேர்மொன்ற் மாநிலத்துச் சிற்றூரொன்றிற் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்தவர். 1896இற் சிக்காகோ மாநகரை அடைந்து சட்டத்தொழில் நடத்தலானார். தொழில் வளர்ந்தது, தனிமை நீங்கிற்றில்லை. 1900ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, சக வழக்கறிஞர் ஒருவருடன் புறநகர்த் தெருவழியே உலாவினார். அந்நண்பர் கடைதோறும் நின்று, கடைக்காரருக்கு ஹரிஸை அறிமுகஞ் செய்துவைத்தார். சிற்றூரிற் கண்ட கேண்மை மாநகரிலும் கைகூடும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றிற்று. புதியவரொருவரின் தனிமையே அக்கழகத்தின் வித்து என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி நால்வர் கூடினர். ஹரிஸுடன் நிலக்கரி வணிகர் ஷீல், சுரங்கப் பொறியியலாளர் லோர், தையற்றொழிலினரான ஷோரி ஆகியோர் அன்று இருந்தனர். கூட்டங்களை உறுப்பினரின் தொழிலகங்களில் முறைமாற்றி நடத்தியமையாற் சுழற்சியைக் குறிக்கும் றோட்டரி என்னும் பெயர் உண்டாயிற்று. தொகை பெருகியபின் அவ்வழக்கம் ஒழிந்தது, பெயர் நிலைத்தது.

அவ்வழக்கத்தின் பயனை நோக்குக. புதியவர் ஏனையோரின் தொழிலிடங்களை நேரிற் கண்டார். தம் முறை வந்துழி, அவரே கூட்டத்தை ஏற்று உபசரிப்பவரானார். அங்ஙனம் விருந்தினர் வீட்டாராயினர். பின்னர்ச் சேர்ந்த அச்சகத்தார் ஹரி ரகிள்ஸ் தொடக்கிவைத்த கூட்டுப்பாடல் கழகத்தின் மரபாயிற்று. எனினும் முதல் நால்வருள் லோரும் ஷோரியும் சில ஆண்டுகளிலேயே கழகத்தை விட்டு நீங்கினர். சேர்தல் வேறு, நிலைத்தல் வேறு என்பதற்கு அதுவே சான்று.

இவற்றால் நாம் அறியத்தக்கன மூன்று. புதியவருக்கு முதலில் வேண்டுவது துணைநின்று பலரையும் அறிமுகஞ் செய்யும் மூத்தவர் ஒருவர். அடுத்து வேண்டுவது தம் தொழிலையும் அனுபவத்தையும் எடுத்துரைக்க வாய்ப்பு. இறுதியாக, சிறிதாயினும் அவரேயன்றிப் பிறர் செய்யாத பணியொன்று வேண்டும். இம்மூன்றும் இன்றேல் சங்கத்தின் விதிமுறைகளைப் படித்துக்காட்டுவதாற் பயனில்லை.

பழைய மாணவர் சங்கங்களின் நிலை யாது? கல்லூரியை விட்ட இளைஞர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வருகின்றார், சந்தா செலுத்துகின்றார், பின்வரிசையில் அமர்கின்றார். மூத்தோராகிய நாம் நம் வகுப்புத் தோழரைத் தேடிச்சென்று பழங்கதை பேசுகின்றோம். மறு ஆண்டு அவர் வருவதில்லை. இளைஞர்க்குக் கல்லூரிப்பற்று இல்லை என நாம் குறைகூறுகின்றோம். குறை எவருடையது?

ஜுபிலி கொண்டாடும் கல்லூரிக்குப் பழம்பெருமை உண்டு. அப்பெருமையைக் காக்கவேண்டியவர் பின்வரிசையில் இருக்கின்றார். அடுத்த கூட்டத்தில் நம் தோழரிடஞ் செல்லுமுன் அவரிடஞ் சென்று, பெயரையும் ஊரையும் தொழிலையும் வினவுவோமாக. அவர் வீடு திரும்புமுன் பணியொன்றை அவர் கையில் ஒப்படைப்போமாக.