ஊசி போட்ட இடத்தில் கட்டி: வயோதிபர்களைக் கவனியுங்கள்

பிட்டத்திலோ தோளிலோ ஊசி போட்டால் அந்த இடம் ஓரிரு நாள் நோவதும் சிறிது தடிப்பதும் வழமை. பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். மூன்று நாலு நாள் கழிந்தும் நோவு கூடி, தோல் சிவந்து, தொட்டால் சூடாக இருந்து, தடிப்பும் வளருமானால் உள்ளே சீழ் பிடிக்கிறது என்று சந்தேகியுங்கள். தோலிலோ ஊசியிலோ இருந்த கிருமி உள்ளே போயிருக்கலாம்.

வயோதிபருக்கு இதில் தனி ஆபத்து உண்டு. இளையவருக்குக் காய்ச்சல் காய்ந்து வீட்டாரை எழுப்பிவிடும். எழுபது வயது ஆச்சிக்குக் காய்ச்சலே வராமல் போகலாம். சாப்பாடு வேண்டாம் என்பார், படுத்தே கிடப்பார், பேச்சுத் தடுமாறும். "வயது போனால் அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். பிட்டத் தசையின் ஆழத்தில் உள்ள சீழ் வெளியே தெரியாமலும் இருக்கும். சலரோகம் உள்ளவருக்கு இந்தக் கிருமியால் சீனி ஏறும். ஏறிய சீனி கிருமிக்கு இன்னும் இடங்கொடுக்கும்.

தேங்கிய சீழை வெளியே எடுப்பதே வைத்தியம். அதைச் சுற்றி உடல் ஒரு சுவரைக் கட்டிவிடுவதால் குளிசை மட்டும் போதிய அளவு உள்ளே எட்டாது. வைத்தியர் விறைக்கும் மருந்து போட்டுக் கீறி, சீழை வடிப்பார். காயத்தைப் பொதுவாகத் தைக்காமல் அடியிலிருந்து ஆற விடுவார். ஆறும்வரை மருந்து கட்டப் போகவேண்டும். சிவப்புப் பரவினாலோ சலரோகம் இருந்தாலோ குளிசையும் தருவார். நோவு குறைந்ததும் அதை நிறுத்திவிடக் கூடாது. கீறுவது என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். இது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. மானிப்பாயில் பணிசெய்த டாக்டர் கிறீன் 1867 இலேயே 'இரண வைத்தியம்' என்ற நூலைத் தமிழில் தந்தவர்.

வீட்டில் பிதுக்கவோ முள்ளால் குத்தவோ வேண்டாம். வெங்காயம் சுட்டுக் கட்டி, "பழுக்கட்டும்" என்று கிழமைக்கணக்கில் காத்திருப்பதும் வேண்டாம். வைத்தியசாலைக்குப் போகும்வரை இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை வைக்கலாம். சூட்டை முதலில் உங்கள் முழங்கையில் பாருங்கள். சலரோகக்காரருக்குச் சுடுவது தெரியாமல் போகலாம். சிவப்பின் ஓரத்தைப் பேனையால் கோடிட்டு வைத்தால் அது பரவுவது தெரியும்.

1990 இலும் 1995 இலும் வீடுவாசலை விட்டு வந்தவர்களுக்குத் தெரியும், ஓடும் அவசரத்தில் கிளினிக் கொப்பியும் விடுபட்டுப் போகும். புது இடத்து வைத்தியருக்கு நோயாளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்த நாள், எங்கே, என்ன ஊசி போட்டது, வேறு என்ன குளிசை எடுக்கிறார் என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நடுக்கம், மேல்மூச்சு, மயக்கம், சலம் குறைதல், தோல் கறுத்தல், தாங்கமுடியாத நோவு இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 2018 முதல் வடக்கிலும் ஓடும் இலவச அம்புலன்ஸை 1990 என்ற இலக்கத்தில் அழையுங்கள். இன்சுலின் போடுபவர் கட்டி வந்ததென்று தாமாக அதை நிறுத்தக் கூடாது; கட்டி உள்ள இடத்தை விட்டு வேறிடத்தில், ஒவ்வொரு முறையும் புது ஊசியால் போடவேண்டும்.