நாலு சக்கர இழுவை டிராக்டர்: ஜாக்கி வைக்கும் முன்

சேற்று உழவுக்கும், தோட்டக்காலில் ரோட்டவேட்டர் ஓட்டவும் நாலு சக்கரமும் இழுக்கும் டிராக்டர்களை இப்போது பல விவசாயிகள் வாங்குகின்றனர். முன் சக்கரமும் சேர்ந்து இழுப்பதால் வண்டி எளிதில் சேற்றில் மாட்டுவதில்லை. ஆனால் கொட்டகையில் நிறுத்திப் பழுது பார்க்கும்போது, அதே முன் சக்கரம் ஆளைக் காயப்படுத்திவிடும். பழைய டிராக்டரில் பழகிய கை, பழைய வழக்கப்படியே வேலை செய்வதுதான் காரணம்.

பழைய டிராக்டரில் இழுவை பின் சக்கரங்களுக்கு மட்டுமே. பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி, என்ஜினை ஓட்டிக் கியர் போட்டால் சக்கரம் அந்தரத்தில் சுழலும், வண்டி நகராது. பின்பக்கச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அறியப் பலர் இப்படிச் செய்வதுண்டு. அதுவே நல்ல பழக்கமன்று. நாலு சக்கர இழுவையில் இதைச் செய்தால், தரையிலுள்ள முன் சக்கரங்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடும், ஜாக்கி சாய்ந்துவிடும். நான் பார்த்த ஒரு வண்டி கொட்டகைச் சுவரை இடித்து நின்றது. சக்கரத்தருகே குனிந்திருந்த பையன், ஸ்பானர் எடுக்க எழுந்து போனதால் பிழைத்தான்.

முன் இழுவை லீவரை விலக்கித்தான் வைத்திருந்தேன் என்றார் வண்டிக்காரர். இருக்கலாம். லீவரின் இணைப்புத் தேய்ந்திருந்தால், லீவர் விலகியும் உள்ளே கியர் விலகாமல் நிற்கும். ஆகவே வண்டி ஜாக்கியில் இருக்கும்வரை என்ஜினை ஓட்டவே கூடாது. சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

பிரேக்கையும் நம்ப வேண்டாம். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின் சக்கரம் இரண்டும் மேலே எழும்பி, முன் இழுவையும் விலகியிருந்தால், பிரேக்கைப் பூட்டியும் வண்டி முன் சக்கரத்தில் உருளும். எனவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். உருண்டைக் கல் நழுவிவிடும். ஆப்பு வடிவில் செதுக்கிய வேப்பங்கட்டை நல்லது.

தூக்குவதற்கு முன் ரோட்டவேட்டரையோ கலப்பையையோ தரையில் இறக்கிவிட வேண்டும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக் கொள்ளலாம். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை தேவை. மண் தரையில் ஜாக்கி ஒரு பக்கமாக அமிழும். தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டோ, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கெட்டியான மரக்கட்டைகளோ வைத்து வண்டியை அதன்மேல் இறக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம். அவை பாரத்தில் திடீரென்று நொறுங்கும். முன் அச்சுக்குச் செல்லும் சுழல் தண்டுக்கோ, அதன் மூடிக்கோ ஜாக்கி கொடுக்கவே கூடாது.

முன்புறத்தைத் தூக்கும்போது இன்னொன்று. முன் அச்சு நடுவிலுள்ள ஊசியில் இரு பக்கமும் ஆடும்படி அமைந்தது. வண்டியின் உடலைத் தாங்கி நிறுத்திவிட்டு ஒரு சக்கரத்தைக் கழற்றினால், எதிர்ப்பக்கப் பாரத்தில் அச்சு சாயும். அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே இரு பக்கமும் மர ஆப்பு அடித்துவிட்டால் இந்த ஆட்டம் நிற்கும். இரு சக்கரமும் எழும்பியிருக்கையில் ஒன்றைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றலாம். அந்தப் பக்கம் யாரும் கை வைத்திருக்கக் கூடாது.

முன் சக்கர முனையிலுள்ள ஆயில் மூடியை, வண்டி ஆறிய பின்னரே திறக்க வேண்டும். உள்ளே காற்றழுத்தம் தங்கியிருக்கலாம். முகத்தைச் சற்று விலக்கி, மெல்லத் தளர்த்தி, காற்று வெளியேறிய பின் கழற்றலாம். பாட்டரி, ரேடியேட்டர் ஆகியவற்றுக்கு எந்த டிராக்டருக்கும் உரிய எச்சரிக்கைதான்.

சக்கரத்தை மாட்டிய பின் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி மறுபடி இறுக்க வேண்டும். சில மணி நேரம் உழுத பின் வரப்பில் நிறுத்தி இன்னொரு முறை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். புதிதாக மாட்டிய நட்டு சற்று இளகியிருப்பது உண்டு.