ஓரெழுத்து மாற்றமும் தசைகளின் வலிமையும்

எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய் உள்ள குழந்தையின் பரிசோதனை அறிக்கையில், 'எஸ்.எம்.என்.2 பிரதிகள்: 3' என்பது போன்ற ஒரு வரியைப் பெற்றோர் காணக்கூடும். அதன் பொருளை இங்குக் காண்போம்.

மரபணுவில் உள்ள செய்தி முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அப்படியில் புரதத்திற்கு வேண்டிய எக்ஸான் பகுதிகளுக்கு இடையே, வேண்டாத இன்ட்ரான் பகுதிகளும் இருக்கும். உயிரணு இன்ட்ரான்களை வெட்டி நீக்கி, எக்ஸான்களை ஒன்றோடொன்று இணைக்கிறது. இதுவே ஸ்பிளைசிங். எப்பகுதியைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்பதைச் சில எழுத்துகளே நீளமுள்ள குறுந்தொடர்கள் நெறிப்படுத்துகின்றன. அவற்றுள் சில சேர்க்கத் தூண்டுவன, சில தடுப்பன.

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் உயிர்வாழ எஸ்.எம்.என். புரதம் இன்றியமையாதது. அதனைப் பெருமளவில் தருவது எஸ்.எம்.என்.1 மரபணு. இந்நோயில் அது இல்லை, அல்லது செயற்படுவதில்லை. அதனை ஒத்த எஸ்.எம்.என்.2 மரபணு இருப்பினும், அதன் 7ஆம் எக்ஸானில் 'சி' என்னும் எழுத்து இருக்கவேண்டிய ஓரிடத்தில் 'டி' உள்ளது. இதனால் தூண்டும் குறிப்பு நலிந்து, அந்த எக்ஸான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. முழுமையான புரதம் சிறிதளவே கிடைக்கிறது. ஆகவே, எஸ்.எம்.என்.2 பிரதிகள் மிகுந்திருந்தால் நோயின் கடுமை பொதுவாகக் குறையும். எனினும் அந்த எண்ணிக்கை ஒன்றே குழந்தையின் எதிர்காலத்தை முடிவு செய்வதில்லை.

7ஆம் எக்ஸானை அடுத்த இன்ட்ரானில் ஒரு தடைத்தொடர் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டனர். நுசினெர்சன் என்னும் மருந்து அத்தொடரின்மேல் படிந்து அதனை மறைக்கிறது. எக்ஸான் மீண்டும் சேர்க்கப்படுகிறது. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் ஊசிமூலம் செலுத்தப்படுகிறது. 2020இல் ஒப்புதல் பெற்ற ரிஸ்டிப்ளாம் வாய்வழி உட்கொள்ளும் மருந்து. அதுவும் இதே எக்ஸானைச் சேர்க்கத் துணைபுரிகிறது.

இவ்விரு மருந்துகளும் மரபணுவைத் திருத்துவதில்லை. ஆதலால் இவற்றைத் தொடர்ந்து பெறவேண்டும். இறந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை என்பதால், சிகிச்சையை விரைந்து தொடங்குவது நன்று. மூச்சுப் பயிற்சி, இயன்முறை மருத்துவம், ஊட்ட உணவு ஆகியவற்றையும் கைவிடலாகாது.

பெற்றோர் இருவரும் இக்குறையைச் சுமப்பவராயின், ஒவ்வொரு கருவுறுதலிலும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. கருவுற்ற காலத்துத் தாய் உண்ட உணவோ செய்த வேலையோ இதற்குக் காரணமன்று. அடுத்த குழந்தையை எண்ணுவோர் முன்னதாகவே மரபணு ஆலோசனை பெறுக. அறிக்கையில் விளங்காத வரி எதுவாயினும், அதனைக் குறித்துவைத்து மருத்துவரிடம் தயங்காது வினவுக.