நட்டத்தில் ஓடும் இரயில்பாதை

நட்டத்தில் ஓடும் ஒரு சிறிய சரக்கு இரயில்பாதையை மூடிவிடலாமா? கனடாவின் மானிட்டோபா மாகாணத்திலுள்ள ஹட்சன் குடா இரயில்பாதையைச் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

கோதுமை ஏற்றுமதிக்கென அமைந்த இப்பாதை 1929-ல் சர்ச்சில் துறைமுகத்தை எட்டியது. ஆண்டில் சில மாதங்களே அங்குக் கப்பல் வரும். மற்ற நாள்களில் கடல் உறைந்து கிடக்கும்.

இரயில்வேயின் செலவு இருவகைப்படும். எரிபொருள் போன்ற செலவு சரக்கு குறைந்தால் குறையும். தண்டவாளம், பாலம் ஆகியவற்றின் பராமரிப்புச் செலவோ குறையாது. சரக்கு குறையக் குறைய, அச்சுமை எஞ்சிய ஒவ்வொரு டன்னின் மீதும் ஏறும். கட்டணத்தை உயர்த்தினால் வணிகர் வேறு வழி தேடுவர்.

1997-ல் ஒரு தனியார் நிறுவனம் இப்பாதையை வாங்கியது. 2012-ல் கனடியக் கோதுமை வாரியத்தின் தனியுரிமை நீங்கியது. சர்ச்சிலுக்கு வரும் தானியம் குறைந்தது. 2016-ல் துறைமுகத்தில் தானிய ஏற்றுமதி நின்றது. 2017 மே மாத வெள்ளம் பாதையைப் பல இடங்களில் அரித்தது. சர்ச்சிலுக்குச் சாலை கிடையாது. உணவுப் பொருள்கள் விமானத்தில் வந்தன, விலை ஏறியது. 2018-ல் பழங்குடியினரும் வடபகுதி ஊர்களும் பங்குகொண்ட ஒரு குழு பாதையை வாங்கி, அரசின் உதவியுடன் செப்பனிட்டது. அவ்வாண்டிலேயே இரயில் மீண்டும் ஓடியது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பாதையை மூடினால் நட்டம் மறைவதில்லை; கணக்கேட்டிலிருந்து மக்களின் அடுப்பங்கரைக்கு இடம் மாறுகிறது. வேறு வழியுள்ள ஊரில் சரக்கில்லாத பாதையை மூடலாம். வேறு வழியற்ற ஊரில் அதனைப் பொதுப்பணத்தால் காப்பதே முறை எனக் கருதுகிறோம்.